யார் வைத்த சோதனை?

அன்புள்ள ஐயா,

நான் பினாங்கு பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். பிறையில் பார்த்துக்கொண்டிருந்த தொழிற்சாலை வேலை போய்விட்டது. நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் எல்லோரும் நல்லவர்கள், உதவியும் செய்கிறார்கள். ஆனால் "இது ஆண்டவர் வைக்கிற சோதனை, இதில் பாஸாகிவிட்டால் இரட்டிப்பாகத் தருவார்" என்கிறார்கள். தாங்க முடியாததை அவர் தரமாட்டார் என்றும் சொல்கிறார்கள். என் விசுவாசத்தின் சாட்சி கெட்டுவிடுமே என்று நான் அவர்கள் முன்னால் அழுவதில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைச் சபைக்குத் தசமபாகமாகக் கொடுக்க முடியாததும் மனதை அறுக்கிறது. போன வாரம் என் ஒன்பது வயது மகள், அப்பா கையில் ஊசி குத்துகிற இடத்தில் காதை வைத்து உள்ளே கேட்கும் 'உர்ர்' சத்தத்தைக் கேட்டுக்கொண்டே, "அப்பாவ ஆண்டவருக்குப் பிடிக்காதாம்மா?" என்றாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது ஐயா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்தபோது நான் அந்த ஒரு சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் ஜெலுத்தோங்கில் ஒரு துக்க வீடு. இருபத்திரண்டு வயதுப் பையன், மோட்டார் சைக்கிள் விபத்து. பெட்டிக்குப் பக்கத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் வரிசையாக வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றுதான்: "சோதனைம்மா, சோதனை." நான்காவது ஆள் சொன்னபோது நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். அந்த அம்மா ஒவ்வொருவருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். தசமபாகம் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெற்றவர்களுக்குச் சேர வேண்டியதைக் 'கொர்பான்' என்று காணிக்கையாக்கிவிட்டுக் கைகழுவியவர்களை இயேசு எப்படித் திட்டினார் என்று மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் மகளின் பள்ளி பஸ் காசைக் காணிக்கைப் பையில் போடாதீர்கள். அவ்வளவுதான். அப்புறம், உங்கள் கணவர் தொழிற்சாலையில் இருந்தபோது சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்குச் சந்தா கட்டியிருப்பார். தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவுக்கு அங்கே உதவி உண்டு. இதுவரை கேட்கவில்லையென்றால் நாளைக்கே போய்க் கேளுங்கள். ஜெபக்கூட்டத்தில் இதை ஒருவரும் சொல்லவில்லையா?

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மாதச் சோதனை. கிளினிக்கில் இரத்தச் சோதனை. ராத்திரி சாலையை மறித்துப் போலீஸ் சோதனை. வீட்டில் கஷ்டம் வந்தால் அதற்கும் சோதனை. நாலுக்கும் தமிழில் ஒரே சொல்தான். முதல் மூன்றிலும் சோதிக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். அதனால் நாலாவதிலும் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று நம் மனம் தானாகவே எடுத்துக்கொள்கிறது. யாரும் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்ததல்ல இது. சொல்லைச் சொன்னவுடன் ஒரு மேசை வந்துவிடுகிறது, மேசைக்குப் பின்னால் ஒருவர் வந்துவிடுகிறார், அவர் கையில் சிவப்புப் பேனா வந்துவிடுகிறது. அவர்தான் ஆண்டவர் என்று நாம் நம்பத் தொடங்கிவிடுகிறோம். உங்கள் மகள் கேட்ட கேள்வி அந்த மேசைக்கு முன்னால் நின்று கேட்டது. வாத்தியாருக்கு என் அப்பாவைப் பிடிக்கவில்லையா என்று கேட்கிறாள்.

யாக்கோபு தன் நிருபத்தின் முதல் அதிகாரத்திலேயே இதை மறித்துவிட்டார். "சோதிக்கப்படுகிற எவனும், நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன் என்று சொல்லாதிருப்பானாக." அவர் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்றும் சேர்த்துச் சொல்கிறார். இங்கே பேசப்படுவது பாவத்துக்கு இழுக்கிற சோதனை, நோயும் கஷ்டமும் வேறு என்று உங்கள் கூட்டத்தில் யாராவது சொல்லலாம். சரி, வேறுதான். கிரேக்க மூலத்திலும் இரண்டுக்கும் ஒரே சொல்தான் வருகிறது, இடம் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். அப்படியானால் எல்லா இடத்திலும் பிரியுங்கள். 'உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு இடங்கொடார்' என்று கொரிந்தியருக்கு எழுதியது விக்கிரக ஆராதனையில் விழுந்துவிடாதே என்று எச்சரிக்கிற இடம். அதை எடுத்து, கணவனை வாரம் மூன்று தடவை இயந்திரத்தில் படுக்கவைத்துவிட்டு வருகிற பெண்ணிடம், தாங்க முடியாததைத் தரமாட்டார் என்று சொன்னால், உன்னால் தாங்க முடியவில்லையென்றால் தப்பு உன்னிடம்தான் என்று சொன்னதாகிவிடுகிறது. எழுதிய அதே பவுல் அதே சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தின் தொடக்கத்தைப் படியுங்கள். ஆசியாவில் தனக்கு நேர்ந்ததைப் பற்றி, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" என்கிறார். பலத்திற்கு மிஞ்சின. பவுலுக்கே மிஞ்சியது. அவர் அதை மறைக்கவில்லை, சாட்சி கெட்டுவிடும் என்று நினைக்கவும் இல்லை. சபை தெரிந்துகொள்ள வேண்டும் என்றே எழுதினார்.

ஆபிரகாமைச் சோதித்தாரே என்பார்கள். மகனைப் பலியிடச் சொல்லிச் சோதித்தார், ஆதியாகமம் 22இல் அந்தச் சொல்லே இருக்கிறது. ஆனால் அங்கே கத்தி இறங்கவில்லை. ஜெலுத்தோங்கில் அந்தப் பையன் மேல் லாரி ஏறிவிட்டது.

இரட்டிப்பு என்று சொன்னார்களாமே, அதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது. அவர்கள் நினைப்பது எல்லாவற்றையும் இழந்து திரும்பப் பெற்ற யோபுவை. யோபுவுக்கு ஏழாயிரம் ஆடு பதினாலாயிரம் ஆடானது. மூவாயிரம் ஒட்டகம் ஆறாயிரம் ஆனது. பிள்ளைகள்? முன்பு ஏழு மகன், மூன்று மகள். பின்பும் ஏழு மகன், மூன்று மகள். செத்த பத்துப் பேர் திரும்பி வரவில்லை. பத்துப் பிள்ளையைப் புதைத்த ஒரு தாயிடம் போய் இரட்டிப்பு என்று சொல்லிப் பார்க்கட்டும். தனக்கு ஏன் இப்படி நடந்தது என்பது யோபுவுக்குக் கடைசி அதிகாரம் வரை சொல்லப்படவே இல்லை என்பதையும் கவனியுங்கள். பாவம் செய்திருப்பாய், சிட்சை இது, மனந்திரும்பு என்று காரணம் காரணமாக அடுக்கிய எலிப்பாசையும், அவனோடு ஆறுதல் சொல்ல வந்த இரண்டு கூட்டாளிகளையும் பார்த்துத்தான் கர்த்தர், யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கோபப்படுகிறார். யோபு என்ன பேசினான்? பிறந்த நாளைச் சபித்தான். என்னை ஏன் விடமாட்டேன் என்கிறீர் என்று கேட்டான். அவன் பேசியதுதான் நிதானமான பேச்சு என்று எழுதியிருக்கிறது. அந்த மூன்று பேரும் செய்த ஒரே நல்ல காரியம், வந்த புதிதில் ஏழு நாள் ராப்பகல் வாயைத் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தது.

இதையெல்லாம் நான் வேதாகமக் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பாட்டியிடம் பார்த்தேன்.

பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். 1943இல் ஜப்பான்காரர்கள் தாத்தாவைச் சயாமுக்கு, இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போடக் கொண்டுபோனார்கள். மூன்று மாத வேலை, திரும்பிவிடலாம் என்று சொன்னார்களாம். பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை, காட்டை வெட்டி, மலையை உடைத்து. அந்த வருடம் முகாம்களில் காலரா பரவியது. அக்டோபரில் பாதை முடிந்தது. தாத்தா வரவில்லை. அப்பாவுக்கு அப்போது மூன்று வயது. காஞ்சனாபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாக ஏறத்தாழ 7,000 கல்லறைகள் இருக்கின்றன, பெரும்பாலானவற்றில் பெயர் பொறித்திருக்கிறது. தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பாட்டி பூ வைக்க ஒரு கல் கிடையாது.

அவருக்கு வேதத்தில் ஒரே ஒரு வசனம்தான் முழுதாக மனப்பாடம். ஆலயத்தில் யாரோ வாசிக்கக் கேட்டுப் பிடித்துக்கொண்டது. லாசரு செத்த பிறகு மார்த்தாள் இயேசுவிடம் சொல்கிறாளே, "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." பாட்டி ராத்திரி ஜெபத்தில் அதை மாற்றிச் சொல்வார். "கர்த்தாவே, நீர் சயாமிலே இருந்தீரானால்." சண்டைக்கு நிற்கிற குரலில்தான் சொல்வார். சின்ன வயதில் எனக்குப் பயமாக இருக்கும், ஆண்டவர் கோபித்துக்கொண்டு போய்விடுவாரோ என்று. ஆனால் அந்தச் சண்டையை முடித்த கையோடு, அரிசி விலை, அத்தையின் கால்வலி, என் கணக்கு மார்க்கு எல்லாவற்றையும் அதே ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் படுப்பார்.

1986இல் அப்பா படுத்துவிட்டார். ஈரலில் கட்டி. பினாங்குத் தீவில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம், வீடு பட்டர்வொர்த்தில். தீவுக்குப் பாலம் திறந்த மறுவருடம் அது. ஆனாலும் பாட்டி ஃபெரியில்தான் போவார், தினமும், தூக்குச்சட்டியில் கஞ்சியோடு. ஒரு நாள் நானும் பக்கத்தில் இருந்தேன். சபையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனுஷர், அப்பாவின் சம்பளம் நின்ற மாதம் அரிசி மூட்டை அனுப்பியவர். கட்டிலருகே நின்று, "அம்மா, ஆண்டவர் உங்களைச் சோதிக்கிறார். பொன்னைப் புடம்போடுகிற மாதிரி" என்றார்.

பாட்டி அப்போது அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அப்பாவின் கால் வீங்கியிருந்தது. பெருவிரல் நகம் சதைக்குள் இறங்கியிருந்ததால், ஈரத்துணியால் முதலில் ஊறவைத்து, நகவெட்டியின் முனையால் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி, வலிக்கிறதா என்று அப்பாவின் முகத்தைப் பார்த்து, அப்புறம் வெட்டினார். வெட்டிய துண்டுகளைத் தன் சேலை முந்தானையில் சேர்த்துக்கொண்டார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "என்னெத்தான் அப்பவே பாத்தாச்சேய்யா. இன்னும் என்னத்தப் பாக்கணுமாம்?"

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அப்பாவின் அடுத்த காலைத் தூக்கித் தன் மடிமேல் வைத்துப் பிடித்துக்கொண்டார், பாட்டிக்கு வெட்ட வசதியாக. அதற்காக அவரை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பாட்டி ஆண்டவரை நம்பவில்லை என்றா சொல்வீர்கள்? நாற்பத்து மூன்று வருடம் ஒரு ஆளோடு ஒரு ராத்திரிகூட விடாமல் சண்டை போட வேண்டுமென்றால், அந்த ஆள் கேட்கிறார் என்று எவ்வளவு நிச்சயம் வேண்டும்! ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் அடுக்குகிறார்: உபத்திரவமோ, வியாகுலமோ, துன்பமோ, பசியோ, நிர்வாணமோ, நாசமோசமோ, பட்டயமோ. இவையெல்லாம் கிறிஸ்துவின் அன்பு அனுப்பியவை என்று அவர் எழுதவில்லை. அந்த அன்பிலிருந்து நம்மைப் பிய்த்தெடுக்கப் பார்க்கிறவை என்று எழுதுகிறார். கஷ்டம் நிற்பது எதிர்ப்பக்கம். ஆண்டவர் நிற்பது உங்கள் பக்கம், உங்கள் கணவர் படுத்திருக்கிற அந்தப் பக்கம். இது புரியாமல்தான் சபையில் பாதிப் பேர் நோயைப் பார்த்து ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

உங்களையும் ஒரு வார்த்தை திட்டியாக வேண்டும். சாட்சி கெட்டுவிடும் என்று அழாமல் இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குச் சாட்சி? லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் இயேசு கண்ணீர் விட்டார், ஊரே பார்த்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் அழுதார். அவர் சாட்சி கெட்டுப்போயிற்றா? நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு போய் உட்காருவதால், அந்தக் கூட்டத்தில் இன்னும் இரண்டு பேர் தங்கள் வீட்டுக் கஷ்டத்தை விழுங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அழுங்கள். யாராவது சோதனை என்று சொன்னால், டயாலிசிஸ் அன்றைக்கு அவரோடு உட்கார இரண்டு மணி நேரம் வருகிறீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். அவர்கள் நல்லவர்கள் என்று நீங்களே சொல்கிறீர்கள். வருவார்கள்.

மகளிடம், தெரியவில்லை என்று சொல்லுங்கள். அப்பாவை ஆண்டவருக்குப் பிடிக்கும், ஆனால் ஏன் இப்படி என்று அம்மாவுக்குத் தெரியவில்லை, வா, இரண்டு பேரும் அவரையே கேட்போம் என்று சொல்லுங்கள். கேட்கும்போது அவள் கோபமாகப் பேசினால் தடுக்காதீர்கள். நீர், உம்மை என்று திருத்தவும் வேண்டாம், அவளுக்கு வருகிறபடி பேசட்டும்.

அப்பா அந்த வருடம் ஆகஸ்டில் இறந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு, கூடத்தில் பாட்டியும் அம்மாவும் நாங்கள் மூன்று பிள்ளைகளும் மட்டும் இருந்தோம். வழக்கமான நேரம் வந்ததும் பாட்டி முக்காடு போட்டுக்கொண்டு முழங்கால் போட்டார். "கர்த்தாவே, நீர் இங்கேயிருந்தீரானால்" என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தோம், வெகு நேரம். கடைசியில், "சரி, நாளைக்குப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து விளக்கை அணைத்தார்.