5 எச்.பி. மோட்டாருக்கு எத்தனை கிலோவாட் சோலார் பேனல் வேண்டும்?

கேள்வி: எனக்கு 3 ஏக்கர் நிலம் இருக்கிறது. போர்வெல்லில் மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் 130 அடியில் நிற்கிறது. சோலார் பம்ப் போட விசாரித்தால் ஒருவர் 5 கிலோவாட் என்கிறார், இன்னொருவர் 7.5 எச்.பி.யே போடுங்கள் என்கிறார். கிலோவாட், யூனிட், வோல்ட் எல்லாம் குழப்பமாக இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் மேகம் வந்தால் மோட்டார் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் வருவதில்லை. அது ஏன் ஐயா?

பதில்: முதலில் கிலோவாட்டையும் யூனிட்டையும் பிரித்துக்கொள்ளுங்கள். கிலோவாட் என்பது இந்த நொடியில் கிடைக்கும் மின்சக்தி. 1 கிலோவாட் ஒரு மணி நேரம் தொடர்ந்து கிடைத்தால் 1 யூனிட். பேனலை விற்பது கிலோவாட் கணக்கில், தண்ணீரை மேலே ஏற்றுவது யூனிட்.

எச்.பி.யும் கிலோவாட்டைப் போலச் சக்தியின் அளவுதான். 1 எச்.பி. என்றால் 746 வாட். அப்படியானால் 5 எச்.பி. மோட்டாரின் அச்சில் கிடைப்பது 3.7 கிலோவாட். மோட்டாருக்குள் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், அது முழு வேகத்தில் ஓட 4.7 கிலோவாட் அளவுக்கு இழுக்கும்.

ஆனால் கணக்கை மோட்டாரிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை அடி உயரம் என்பதிலிருந்து தொடங்குங்கள். ஒரு ஏக்கருக்கு 5 மில்லிமீட்டர் நீர் கொடுக்க ஏறத்தாழ 20,000 லிட்டர் வேண்டும். 3 ஏக்கருக்கு 60,000. உங்கள் 130 அடியோடு மேலே ஏற்றும் உயரத்துக்கும் குழாய் உராய்வுக்கும் 20 அடி சேர்த்து 150 அடி என்று வைத்துக்கொள்வோம். மோட்டார், பம்ப் இழப்புகள் போக, அந்த ஆழத்திலிருந்து 1 யூனிட் மின்சாரம் சுமார் 3,500 லிட்டரை ஏற்றும். அப்படியென்றால் நாளுக்கு 17 யூனிட் போதும்.

சரி, 5 கிலோவாட் பேனல் அதைக் கொடுக்குமா? காலை முதல் மாலை வரை வெயில் இருந்தாலும், அதை நடுப்பகல் வெயிலின் அளவுக்குச் சுருக்கினால் நல்ல நாளில் 5 மணி நேரம் தேறும். 5 கிலோவாட்டை 5 மணியால் பெருக்கினால் 25 யூனிட். சூடு, தூசி, வயர் இழப்பு என்று ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 20. அதனால் 5 எச்.பி. உங்களுக்குத் தாராளம். 7.5 எச்.பி. வேண்டாம் என்பதே என் கருத்து. கூடுதல் செலவோடு, போர்வெல்லில் ஊறுவதைவிட வேகமாக நீரை இழுத்துவிடும் ஆபத்தும் அதில் உண்டு.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. பேனலில் அச்சிட்டிருக்கும் வாட், அதன் செல் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது கிடைப்பது. கடும் வெயிலில் அது 60 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் குறையும் என்றால், 14 சதவீதம் அங்கேயே போய்விடும். பேனலுக்கு அடியில் காற்றோட்டம் விட்டுப் பொருத்தச் சொல்லுங்கள்.

வோல்ட்டும் ஆம்பியரும் மேல்நிலைத் தொட்டியைப் போல. தொட்டியின் உயரம் தரும் அழுத்தம் வோல்ட், குழாயில் ஓடும் நீரின் அளவு ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் வாட். பேனல்களை வரிசையாக, அதாவது சீரியஸில் இணைத்தால் வோல்ட் கூடும். பேரலலில் இணைத்தால் ஆம்பியர் கூடும். ஆம்பியர் கூடினால் வயர் சூடாகி இழப்பும் கூடும். பம்புக்குப் பேனல்களைப் பெரும்பாலும் சீரியஸில் போடுவது இதனால்தான். ஆனால் சீரியஸில் ஒரு பேனல்மேல் மரநிழல் விழுந்தாலும் மொத்த வரிசையின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். ஒரு கிளையின் நிழல்கூட விழாத இடமாகப் பாருங்கள்.

இப்போது பக்கத்துத் தோட்டத்துக்கு வருவோம். மேகம் வந்தால் கண்ட்ரோலர், அதாவது பேனலுக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, மோட்டாரின் வேகத்தைக் குறைத்து ஓட்டும். வேகம் பாதியானால் பம்ப் தண்ணீரைத் தள்ளும் உயரம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும். முழு வேகத்தில் அதிகபட்சம் 200 அடி தள்ளும் பம்ப், 80 சதவீத வேகத்தில் 128 அடிதான் தள்ளும். 150 அடி தேவைப்படும் இடத்தில் ஒரு சொட்டுகூட மேலே வராது, மோட்டார் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி நெடுநேரம் சுற்றினால் பம்புக்குள் நிற்கும் நீர் சூடேறி அதைக் கெடுக்கும். தண்ணீர் வராவிட்டால் தானாக நிற்கும் பாதுகாப்பு வசதி கண்ட்ரோலரில் இருக்கிறதா, அது சரியாகச் செட் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், எத்தனை அடி உயரத்துக்கு எவ்வளவு நீர் தரும் என்று சொல்லும் பம்பின் பட்டியலில் 150 அடிக்கு நேராக மணிக்கு எத்தனை லிட்டர் என்று காட்டச் சொல்லுங்கள். 60,000 லிட்டரை 5 மணி நேரத்தில் ஏற்ற 12,000 லிட்டராவது இருக்க வேண்டும்.

கடைசியாக, உங்கள் உயிர் சம்பந்தப்பட்டது. சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் வயரில் டிசி மின்சாரம் இருக்கும். சீரியஸில் அது பல நூறு வோல்ட். மோட்டார் ஓடும்போது பேனல் இணைப்பைக் கழற்றினால் தீப்பொறி தொடர்ந்து எரியும். முதலில் கண்ட்ரோலரை நிறுத்தி, பேனல் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரையும் அணையுங்கள். வயரைத் தொடும் வேலையைப் பயிற்சி பெற்ற ஆளிடமே விடுங்கள்.