அழிச்ச பைல் திரும்பி வருதெண்டால், போர்மட் அடிக்க முதல் இதைப் பாருங்கோ

வீட்டுக் கொம்பியூட்டரில டெஸ்க்டொப்பிலயும் படங்கள் இருக்கிற போல்டரிலயும் அழிக்கிற பைல்கள் திரும்பத் திரும்ப வந்து நிக்குது, றீசைக்கிள் பின்னை வெறுமையாக்கியும் சரிவரேல்லை, கடையில கேட்டால் வைரஸ், போர்மட் அடிக்க வேணும் எண்டு சொல்லுகினம், வேற வழி இல்லையோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

இருக்கு. தயவுசெய்து இப்போதைக்குப் போர்மட்டுக்குக் குடுக்காதேங்கோ. வைரஸ் எண்டது காரணங்களில ஒண்டு மட்டும்தான். பைல் எப்ப திரும்பி வருது எண்டு கவனிச்சால் பாதி விசயம் பிடிபட்டிடும். இன்ரநெற் வந்த உடனயோ, றீஸ்டார்ட் செய்த பிறகோ, பென் டிரைவைக் குத்தின கையோடயோ? மூண்டும் மூண்டு வேற வருத்தம்.

முதல்ல ஒரு சோதனை செய்து பாருங்கோ. வைபையை நிப்பாட்டுங்கோ. குத்தியிருக்கிற பென் டிரைவ், மெமரி கார்ட் எல்லாத்தையும் கழட்டுங்கோ. தேவையில்லாத ஒரு பைலை அழிச்சு, றீசைக்கிள் பின்னையும் துடைச்சு, றீஸ்டார்ட் செய்யுங்கோ. பைல் வரேல்லை, ஆனா வைபையைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில வந்திட்டுது எண்டால் உங்கட கொம்பியூட்டரில பிழை இல்லை. இணையத்தில இருக்கிற பிரதிதான் கீழ இறங்குது.

டெஸ்க்டொப், படங்கள் எண்டு நீங்கள் சொன்ன இடங்களைப் பார்க்க எனக்கு ஒன்ட்ரைவிலதான் (மைக்ரோசொப்டின்ர இணையச் சேமிப்பிடம்) சந்தேகம். அதின்ர பக்கப், அதாவது இணையத்தில பிரதி எடுத்து வைக்கிற வசதி, பிடிக்கிறது முக்கியமா டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், பிக்சர்ஸ் எண்ட மூண்டையும்தான். விண்டோஸ் 11 ஐ மைக்ரோசொப்ட் கணக்கோட புதுசா அமைக்கேக்க இது தானாகவே தொடங்கிறதும் உண்டு. கனபேருக்குத் தங்கட படங்கள் மேல போய் இருக்கிறதே தெரியாது.

எங்கட ஒழுங்கையில ஒரு அன்ரி வீட்டிலயும் இதே பிரச்சினைதான். ரொறன்ரோவில இருக்கிற மகன் ஊருக்கு வந்தநேரம் தான் பாவிச்ச லப்டொப்பை அம்மாவுக்குக் குடுத்திட்டுப் போனவர். அவர்ட கணக்கு அதில அப்பிடியே கிடந்தது. அன்ரி இடம் காணாதெண்டு பழைய படங்களை அள்ளி அழிப்பா. கனக்க பைல் ஒரேயடியா அழிஞ்சிருக்கு எண்டு ஒன்ட்ரைவ் மகனுக்கு மின்னஞ்சல் போடும். அவர் அங்க விடிய எழும்பி அதைப் பார்த்துப் பதறி, ஒன்ட்ரைவின்ர றீசைக்கிள் பின்னில இருந்து எல்லாத்தையும் திருப்பி எடுப்பார். இங்க பின்னேரம் படங்கள் பழையபடி வந்து நிக்கும். அன்ரி திரும்ப அழிப்பா. ரெண்டு பேரும் ஒவ்வொரு நாளும் வட்ஸ்அப்பில கதைக்கிறவை, இதைப் பற்றி மட்டும் கதைக்கேல்லை. கணக்கின்ர பெயரைப் பார்த்த உடன விசயம் வெளிச்சிட்டுது.

அதனால, கீழ மணிக்கூட்டுக்குப் பக்கத்தில இருக்கிற மேகப் படத்தைக் கிளிக் செய்து, அது ஆற்ற கணக்கு எண்டு பாருங்கோ. வெளிநாட்டில இருந்து வந்த லப்டொப் எண்டால் கட்டாயம் பாருங்கோ. நிப்பாட்டுறதுக்கு அந்த ஒன்ட்ரைவின்ர செட்டிங்ஸுக்குள்ள போய், சிங்க் அன்ட் பக்கப், அதுக்குள்ள மனேஜ் பக்கப். அதில ஒவ்வொரு போல்டருக்கும் நேர இருக்கிற சுவிச்சை ஓப் செய்யலாம். ஆனா அதுக்கு முதல் படங்கள் முழுக்க வேற ஒரு ஹார்ட் டிஸ்க்கில இருக்க வேணும். ஒன்ட்ரைவில ஒரு இடத்தில அழிச்சால் அந்தக் கணக்கு இருக்கிற எல்லா இடத்திலயும் அழியும். சாதாரண கணக்கெண்டால் 30 நாள் அதின்ர றீசைக்கிள் பின்னில கிடக்கும், பிறகு கிடையாது. இலவசமா இருக்கிற இடமும் 5 ஜிபிதான், நிரம்பினால் சிங்க் (கொம்பியூட்டரில இருக்கிறதையும் இணையத்தில இருக்கிறதையும் ஒரே மாதிரி வைக்கிறது) நிண்டுபோகும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கு. 1995 போர் இடப்பெயர்வில யாழ்ப்பாணத்து வலிகாமத்தில இருந்து வெளிக்கிட்ட சனம் கலியாண அல்பங்களை அலுமாரியிலயே விட்டிட்டுப் போனது. மிஞ்சின நாலு படத்தை ஸ்கேன் செய்து கொம்பியூட்டரில வைச்சிருக்கிற வீடுகள் எங்கட பக்கம் கன இருக்கு. "போர்மட் அடிச்சால் சரி" எண்டு சொல்லுற ஆளுக்கு அந்தப் போல்டரில என்ன இருக்கெண்டு தெரியாது.

வைபை இல்லாமலும் பைல் வருதெண்டால் பென் டிரைவுக்கு வாங்கோ. கம்பஸ் வாசல் பக்கம் போட்டோக்கொப்பிக் கடைகளில பிரின்ட் எடுக்கக் குத்தின பென் டிரைவில ஷோர்ட்கட் வைரஸ் வாறது இப்பவும் நடக்குது. உண்மையான போல்டர் மறைஞ்சு, அதே பெயரில சின்ன அம்புக்குறியோட ஒரு ஷோர்ட்கட் நிக்கும். அதை அழிச்சால் சில செக்கனில திரும்ப வரும், ஏனெண்டால் பின்னால ஒரு ஸ்கிரிப்ட் (சின்ன புரோகிராம்) ஓடிக்கொண்டிருக்கு. டாஸ்க் மனேஜரைத் திறந்து விண்டோஸ் பேஸ்ட் ஸ்கிரிப்ட் ஹோஸ்ட் (Windows Based Script Host) எண்டு ஏதும் ஓடுதோ பாருங்கோ. இருந்தால் முதல்ல அதை நிப்பாட்டிப் போட்டு, பிறகு ஷோர்ட்கட்டுகளை அழியுங்கோ. புரோகிராம்களைத் தானா ஓட விடுற ஸ்டார்ட்டப் போல்டரையும் டாஸ்க் ஷெடியூலரையும் பார்க்காமல் விட்டால் அடுத்த றீஸ்டார்ட்டில திரும்ப முளைக்கும். விண்டோஸ் செக்கியூரிட்டியில ஸ்கேன் ஒப்ஷன்ஸுக்குள்ள டிபென்டர் ஒப்லைன் ஸ்கேன் இருக்கு, விண்டோஸ் எழும்ப முதலே ஓடும், கால் மணித்தியாலம் மட்டில எடுக்கும். மறைஞ்ச போல்டரைக் காண ஹிடன் ஐட்டம்ஸை மட்டும் போட்டால் காணாது. போல்டர் ஒப்ஷன்ஸில ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் பைல்ஸ் எண்டதில இருக்கிற சரி அடையாளத்தையும் எடுத்துவிட வேணும். வேலை முடிய அதைத் திரும்பப் போடுங்கோ. அந்த நேரம் டெஸ்க்டொப்.இனி எண்ட பைல், வேர்ட் திறந்திருந்தால் '~$' எண்டு தொடங்கிற பைல் எல்லாம் தெரியும். அதுகள் விண்டோஸும் வேர்ட்டும் தாங்களே உண்டாக்கிறது, பயப்பிடாதேங்கோ.

வைரஸ் இல்லாமலும் பென் டிரைவ் இப்பிடிச் செய்யும். அழிச்சு, கழட்டி, திரும்பக் குத்தினால் அழிச்சது நிக்கும், புதுசாப் போட்டது இருக்காது. போர்மட் சரியா முடிஞ்சதெண்டு சொல்லும், ஆனா உள்ளுக்குள்ள எல்லாம் அப்பிடியே இருக்கும். அது சிப் தேய்ஞ்சு, புதுசா எதையும் எழுத விடாமல் பூட்டின நிலை. திருத்த ஏலாது. வாசிக்க விடுற வரைக்கும் உள்ள இருக்கிறதைக் கொப்பி செய்துபோட்டு எறியுங்கோ.

கரண்ட் நிண்டு நிண்டு வாற வீடெண்டால் டிஸ்க்கில பைல் விபரங்கள் குழம்பியிருக்கலாம், சீ டிரைவில ரைட் கிளிக் செய்து புரொப்பட்டீஸ், டூல்ஸ், எரர் செக்கிங் ஒருக்கா ஓட விடுங்கோ.

கடைசியா ஒண்டு. ஒவ்வொரு றீஸ்டார்ட்டுக்கும் முழுக் கொம்பியூட்டரும் பழைய நிலைக்குப் போகுதெண்டால், அதாவது அழிச்சது வாறது மட்டுமில்லை, நேற்று சேவ் செய்ததும் காணாமல் போகுதெண்டால், அது டீப் ஃப்ரீஸ் மாதிரி ஒரு சொப்ட்வெயர். கொம்பியூட்டர் வகுப்புகளிலயும் நெற் கபேக்களிலயும் போட்டு வைக்கிறது. அங்க இருந்து செகண்ட் ஹாண்டா வாங்கின மெசினில எடுக்காமல் விட்டிருப்பினம். மணிக்கூட்டுக்குப் பக்கத்தில வெள்ளைக் கரடிப் படம் நிக்குதோ பாருங்கோ. ஷிப்டை அமத்திக்கொண்டு அதை ரெண்டு தரம் கிளிக் செய்தால் பாஸ்வேர்ட் கேக்கும், வித்த ஆளிட்டக் கேட்டு வாங்குங்கோ. அவருக்கும் தெரியாதெண்டால் விண்டோஸைத் திரும்பப் போடத்தான் வேணும். அப்பவும் கடைக்குக் கொண்டுபோக முதல் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்கில கொப்பி செய்து, வேற ஒரு கொம்பியூட்டரில குத்தி, ரெண்டு மூண்டு படத்தைத் திறந்து பார்த்த பிறகு குடுங்கோ.