ராத்திரிய விடுங்க சார், பகலப் பாருங்க

கேள்வி: என் பொண்ணு எம்.எஸ்சி. பிசிக்ஸ் கடைசி வருஷம். காலக்ஸி, அதான் நட்சத்திரக் கூட்டம், எப்படி உருவாச்சுன்னு ஆராய்ச்சி பண்ணப்போறேன், யுனிவர்சிட்டில சயின்டிஸ்ட் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. எங்க ஊருக்கு மேல காவலூர்ல டெலஸ்கோப் இருக்கு, ராத்திரி பூரா முழிச்சு வேலை பாப்பாங்கன்னு தெரியும். பொம்பளப் புள்ள, அனுப்பலாமா?
- ஒரு அப்பா, வாணியம்பாடி

பதில்: சார், நான் இந்தக் காலக்ஸி ஆராய்ச்சி வேலைல பதினாறு வருஷமா இருக்கேன், டெலஸ்கோப் பக்கத்துல ராத்திரி முழிச்சத மொத்தமா கூட்டினா நாப்பது நாள் தேறாது. ஜேம்ஸ் வெப்னு விண்வெளி டெலஸ்கோப் பூமில இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கு, அங்க யாரு போய் முழிக்கறது, டேட்டா நம்ம லேப்டாப்புக்கு வந்துரும். "பொம்பளப் புள்ள"ன்னு நீங்க சொன்னதுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன், 1960-கள் பாதி வரைக்கும் அமெரிக்காவுல பலோமர் டெலஸ்கோப்ல பொம்பளைங்க பேர்ல நேரம் குடுக்க மாட்டாங்க, அத மாத்துன வானியல் விஞ்ஞானி வேரா ரூபின் பேர்லதான் இப்ப சிலில புதுசா பெரிய டெலஸ்கோப்பே நிக்குது.

பகல் வேலை என்னன்னா பாதி எழுத்து, பாதி கோடிங். ஜேம்ஸ் வெப்புக்கு 2024-ல மட்டும் இதப் பாக்க நேரம் குடுங்கன்னு 2,300-க்கு மேல ப்ரபோசல் போச்சு, இருக்கற ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட ஒம்பது மணி நேரம் கேக்கறாங்க, அதுல நம்மளதும் ஒண்ணு. நல்ல விஷயம், எழுதினது யாருன்னு பேரை மறைச்சுதான் படிப்பாங்க, வாணியம்பாடிப் பொண்ணா பெரிய யுனிவர்சிட்டி ப்ரொபசரான்னு தெரியாது. நேரம் கெடச்சாலும் அப்புறம் சந்தேகப்படறதுதான் பொழப்பு. பிரபஞ்சம் பொறந்து 29 கோடி வருஷத்துலயே இருந்த ஒரு காலக்ஸிய வெப் புடிச்சுது, ஆனா பக்கத்துல இன்னொரு காலக்ஸி ஒட்டிக்கிட்டு இருந்ததால கண்டுபுடிச்சவங்களே மொதல்ல நம்பல, 2024 ஜனவரில பத்து மணி நேரம் போல ஸ்பெக்ட்ரம், அதான் வெளிச்சத்த நிறம் நிறமாப் பிரிச்சு, எடுத்த பின்னாடிதான் ஒத்துக்கிட்டாங்க. அந்தப் பொறுமை அவகிட்ட இருக்கான்னு உங்களுக்குத்தான் தெரியும்.

நீங்க கேக்காத ஒண்ணுதான் உண்மையிலேயே கஷ்டம். ஜெஸ்ட் இல்ல நெட்னு தேர்வு எழுதி புனே ஐயூகா, பெங்களூரு ஐஐஏ மாதிரி வானியல் ஆராய்ச்சி எடத்துல பிஎச்டிக்கு சேந்துட்டா மாசம் 37,000 ஃபெல்லோஷிப் வரும், சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. பிஎச்டி முடிஞ்சதும் போஸ்ட்டாக்னு தற்காலிக ஆராய்ச்சி வேலை, ரெண்டு வருஷம் ஒரு நாடு, மூணு வருஷம் இன்னொரு நாடுன்னு போகும், எல்லாம் கான்ட்ராக்ட், டிசம்பர் வந்தா மறுபடி அப்ளிகேஷன். என்னை ஒரு எடத்துல, பேரு வேணாம், ரெண்டு வருஷம்னு கூப்புட்டுட்டு பணம் வரலன்னு ஒன்றரை வருஷத்துல கை கழுவிட்டாங்க, அப்ப என் வீட்டுக்காரர் ஒரு கண்டத்துல நான் ஒரு கண்டத்துல, ஃபோன்ல சண்டை போடக்கூட நேரம் ஒத்துவரல. பர்மனென்ட் வேலை கெடச்சப்ப எனக்கு 38. கூட படிச்சவங்க பாதிப்பேர் இப்ப பேங்க், டேட்டா சயின்ஸ்னு போயாச்சு, நல்லாத்தான் இருக்காங்க, தோத்துப் போனவங்கன்னு நெனைக்காதீங்க, கத்த கோடிங்குக்கு வெளில நல்ல வெலை இருக்கு. கல்யாணப் பேச்சு எடுக்கறப்ப இதையும் மாப்ள வீட்டுக்கு ஒடச்சு சொல்லிருங்க.

அனுப்பலாமா வேணாமான்னு நான் சொல்லல, அவளே சொல்லட்டும். ஸ்லோன் சர்வேன்னு வானத்த அளந்த திட்டம் ஒண்ணு, லட்சக்கணக்கான காலக்ஸி டேட்டாவ இன்டர்நெட்ல சும்மாவே போட்டு வெச்சிருக்கு. இந்த லீவுல அத எறக்கி, ஒவ்வொரு காலக்ஸியும் எவ்வளவு எடை, என்ன கலர்னு பைத்தான்ல ஒரு படம் போடச் சொல்லுங்க. நட்சத்திரம் இன்னும் பொறக்கற நீலக் காலக்ஸிக் கும்பல் ஒண்ணு, பொறக்கறது நின்னுபோன செவப்புக் கும்பல் ஒண்ணுன்னு தனித்தனியா வந்து நிக்கும். போட்டுட்டு மூடி வெச்சுட்டான்னா வேற படிப்பு பாத்துக்கலாம். நடுவுல மட்டும் ஏம்ப்பா இவ்வளவு காலியா இருக்குன்னு ராத்திரி பன்னண்டு மணிக்கு உங்களை எழுப்பிக் கேட்டான்னா, ஜெஸ்ட் ஃபீஸ கட்டிருங்க சார்.