நான்கு ஆட்டம், இரண்டு சுவிட்ச்

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு கொமடோர் 64 கம்ப்யூட்டர் கிடைத்தது. 80களில் மாமா மஸ்கட்டிலிருந்து கொண்டு வந்தது. கூட இருந்த கேசட்டுகள் எல்லாம் பூஞ்சை பிடித்துவிட்டன. சின்ன வயதில் டிவியில் மாட்டி ஆடிய '9999 இன் 1' மாதிரி, பல கேம்கள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்றை இதற்கு நானே செய்ய முடியுமா? எஸ்டி கார்டு போட்டால் ஆயிரக்கணக்கில் கேம் ஓடுகிற கார்ட்ரிட்ஜ் ரெடிமேடாகவே கிடைக்கிறது என்கிறான் நண்பன். எனக்குச் சால்டரிங் ஓரளவு வரும். எதில் தொடங்கலாம்?

பெயர் வேண்டாம்,
பண்ணைக்காடு

அன்புள்ள தம்பி,

செய்யலாம். ஆனால் கார்ட்ரிட்ஜுக்கு முன்னால் கரண்ட். அந்தக் கம்ப்யூட்டரோடு செங்கல் கனத்தில் ஒரு பவர் சப்ளை இருக்குமே, அதை அப்படியே மாட்டிவிடாதீர்கள். அதிலிருந்து 5 வோல்ட் டிசியும் 9 வோல்ட் ஏசியும் வரும். வயதானபின் உள்ளே ரெகுலேட்டர் கெட்டால் 5 வோல்ட் மேலே ஏறி, மெமரி சிப்புகளைத் தின்றுவிடும். பலவற்றில் பிசின் ஊற்றி அடைத்திருப்பதால் பிரித்துப் பழுது பார்க்கவும் வழியில்லை. மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், சூடேறிய பிறகு இன்னொரு முறை. 5.2ஐத் தாண்டினால் அது இனி பேப்பர் வெயிட்தான்.

அந்த '9999 இன் 1' எண்ணிக்கையில் பச்சைப் பொய். உள்ளே இருந்தது கொஞ்சம் ஆட்டங்கள்தான். அதையே மூன்றாம் லெவலிலிருந்து தொடங்கி ஒரு பெயர், உயிரைக் கூட்டி இன்னொரு பெயர் என்று பட்டியலை நீட்டியிருப்பார்கள். ஆனால் அதற்குள் இருந்த உத்தி பொய்யில்லை. அதைத்தான் நீங்களும் செய்யப் போகிறீர்கள்.

கொமடோர் 64 கார்ட்ரிட்ஜை ஒரு சின்ன ஜன்னல் வழியாகத்தான் பார்க்கும். 32768 என்ற முகவரியில் தொடங்கி 8 கிலோபைட், அவ்வளவுதான். (16 கிலோபைட்டாகவும் வைக்கலாம். இப்போதைக்கு வேண்டாம்.) ஆன் செய்ததும், 32772இலிருந்து ஐந்து பைட்டுகளில் 'சிபிஎம்80' (CBM80) என்று எழுதியிருக்கிறதா என்று தேடும். இருந்தால் பொறுப்பைக் கார்ட்ரிட்ஜிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஜன்னலுக்குப் பின்னால் எத்தனை ஆட்டம் வரிசையில் நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

27சி256 என்ற ஈப்ராம் (எழுதியதை அழித்துத் திரும்ப எழுதக்கூடிய மெமரி) சிப்பில் 32 கிலோபைட் இடம், அதாவது நான்கு ஜன்னல் அளவு. 8 கிலோபைட்டுக்கு 13 முகவரிக் கம்பிகள் போதும். இந்தச் சிப்புக்கு 15 உண்டு. மிச்சமுள்ள ஏ13, ஏ14 இரண்டும் 26, 27ஆம் கால்களில் வருகின்றன. இரண்டையும் தனித்தனியாக 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து, ஆளுக்கொரு சுவிட்ச் வைத்து கிரவுண்டுக்கு இறக்குங்கள். இரண்டு சுவிட்ச், நான்கு நிலை, நான்கு ஆட்டம். கார்ட்ரிட்ஜ் செருகும் இடத்தில் கம்ப்யூட்டரிலிருந்து வரும் 'ரோம்எல்' (ROML) கம்பி சிப்பின் 20, 22ஆம் கால்களுக்கு, 'எக்ஸ்ரோம்' (EXROM) கம்பி கிரவுண்டுக்கு, சிப்பின் முதல் கால் 5 வோல்ட்டுக்கு. சிப்பை ஒட்டி, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கபாசிட்டர். நான்கு ஃபைல்களையும் ஒவ்வொன்றும் சரியாக 8192 பைட் வருமாறு 255ஆல் நிரப்பி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி எழுதிவிடுங்கள். பவரை அணைத்துவிட்டே சுவிட்சைத் தட்டுங்கள். கார்ட்ரிட்ஜைச் செருகுவதும் பிடுங்குவதும்கூட அப்படித்தான். இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம்.

மெனு வைத்துச் செய்யலாமே என்று கேட்பீர்கள். அதற்கு 74 வரிசை ஐசிகள் இரண்டு மூன்று வேண்டும். புரோகிராம் 56832 என்ற முகவரியில் ஓர் எண்ணை எழுதினால், அந்த எண்ணுள்ள பகுதி ஜன்னலுக்கு வரும். 1983இல் கொமடோரே விற்ற மேஜிக் டெஸ்க் கார்ட்ரிட்ஜின் முறை இது. எனக்கும் ஆசை வந்து முதலில் அதைத்தான் கட்டினேன். திரை முழுக்க அழகான மெனு. ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அப்படியே உறைந்து நின்றது. இரண்டு வாரம் சால்டரைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு புரோகிராமில். மெனு ஜன்னலுக்குள் இருந்துகொண்டே ஜன்னலை மாற்றச் சொல்கிறது, அதாவது உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டுகிறது. மாற்றுகிற நாலு வரியை முதலில் கம்ப்யூட்டரின் ராம் (RAM) மெமரிக்கு நகல் எடுத்து, அங்கிருந்து ஓடவிட வேண்டும். அதை அப்போது சொல்லித்தர ஆளில்லை. சுவிட்ச் கார்ட்ரிட்ஜில் தப்பு நடக்க மொத்தமே நாலைந்து இடம்தான். மலையில் இருந்துகொண்டு, ஓர் ஐசி கருகினால் வத்தலக்குண்டு இறங்கி மதுரை வரை போய்வர ஒரு நாள் செலவழிக்கிற நமக்கு இதுதான் சரி. வெறுமனே ஆடத்தான் வேண்டும் என்றால் எஸ்டி கார்டு கார்ட்ரிட்ஜை வாங்கிக்கொள்ளுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. 'நானே' என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இத்தனையும்.

அப்புறம் அழிக்கிற கதை. புதிது என்று சொல்லி விற்கப்படும் ஈப்ராம்கள் பெரும்பாலும் பழைய போர்டுகளிலிருந்து கழற்றியவை. உள்ளே யாருடைய புரோகிராமோ இருக்கும். மேலே உள்ள கண்ணாடிக்குப் புற ஊதா விளக்கை இருபது நிமிடம் காட்டினால் அழியும். நேர் வெயிலில் ஏறக்குறைய ஒரு வாரம். விளக்கு எதற்கு, 1901இலிருந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்சர்வேட்டரி உள்ள கொடைக்கானலாயிற்றே நம் ஊர் என்று ஜன்னல் ஓரத்தில் வைத்தேன். மாதம் கார்த்திகை. பதினோரு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் ஒரு பைட்டும் அசையவில்லை. மேகத்தைத் திட்டினேன். மேகம் பாதிக் குற்றவாளிதான், மீதி எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி அந்தக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும். அதனால்தானே சிப்பின் தலையில் குவார்ட்ஸ் பதித்திருக்கிறார்கள்! பதில் என் கண்முன்னாலேயே இருந்திருக்கிறது.

மின்சாரத்திலேயே அழியும் 28சி256 வாங்கினால் இந்தப் பாடு இல்லை. ஆனால் கவனம்: அதே 28 கால், அதே உருவம், ஏ14 மட்டும் முதல் காலுக்குப் போயிருக்கும். 27ஆம் கால் எழுதுவதற்கானது, அதை 5 வோல்ட்டிலேயே கட்டிவையுங்கள்.

நம் ஊர் ஈரத்துக்குக் காண்டாக்டுகளில் களிம்பு ஏறியிருக்கும். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வீட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று யூகலிப்டஸ் தைலத்தை எடுக்காதீர்கள். ஸ்டிக்கர் பசையை எடுக்க அது நன்றாக இருக்கும், காண்டாக்டில் வேண்டாம்.

எந்த ஆட்டத்தைப் போடுவது? பழைய கேம்களுக்கு இன்னும் பதிப்புரிமை உண்டு. இன்றும் இந்த மெஷினுக்குப் புதிதாக எழுதி இலவசமாக விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதிலிருந்து 8 கிலோபைட்டுக்குள் அடங்கும் நான்கைப் பொறுக்கி எடுங்கள். செய்ததை விலைக்கு விற்கக் கிளம்பாதீர்கள்.

முதலில் பவர் சப்ளையை அளந்து எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு மேலே வருவதாக இருந்தால் சிப்பையும் எடுத்து வாருங்கள். இப்போது என்னிடம் விளக்கு இருக்கிறது. நீங்கள் காய்கறி வாங்கி முடிப்பதற்குள் அழிந்திருக்கும்.