ஒரு வாரத்துக்கு ஒரு குச்சி போதும்: வாசகர் கேள்வி பதில்

தொடக்கப்பள்ளியின் மேல்வகுப்புகளில் படிக்கும், ஒன்பது முதல் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் வீட்டிலேயே என்ன கற்றுக்கொடுக்கலாம் என்று கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளி ஒரு வாரம் இல்லை. தினமும் மொழி, கணக்கு, அறிவியல், சமூகவியல் என்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள். காலையில் ஒரு மணி நேரத்தில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு "முடிச்சுட்டேன்" என்கிறான். மறுநாள் கேட்டால் ஒன்றும் நினைவில் இல்லை. வேறு என்ன செய்யலாம்?

அவன் மேல் தப்பே இல்லை. நாலு பாடம், நாலு தாள், ஒன்றுக்கொன்று சம்பந்தம் கிடையாது, இன்று செய்தது நாளைக்குத் தேவைப்படப் போவதும் இல்லை என்றால் எந்தப் பிள்ளையும் கட்டத்தை நிரப்பத்தான் பார்க்கும். அட்டவணையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, பள்ளி கேட்டதைக் காலையில் முடித்துவிடட்டும். அப்புறம் வாரம் முழுவதற்கும் ஒரே ஒரு பொருளைக் கையில் கொடுங்கள். நான் கொடுப்பதாக இருந்தால் ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான குச்சியைக் கொடுப்பேன்.

திங்கட்கிழமை வெயில் விழும் சமதளத்தில் அதைச் செங்குத்தாக நிறுத்துங்கள். தண்ணீர் நிரப்பிய பாட்டிலோ மண் போட்ட தொட்டியோ பிடிமானத்துக்குப் போதும், நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தால் குச்சி சாய்ந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை மணிக்கொரு தடவை நிழலின் நுனியைக் குறித்து, நீளத்தை அளந்து நோட்டில் எழுத வேண்டும். தொடங்குவதற்கு முன்பே ஒரு கேள்வி: நிழல் எத்தனை மணிக்கு மிகக் குட்டையாக இருக்கும்? அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் பன்னிரண்டு என்றுதான் சொல்வார்கள், அதையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டை ஒட்டிய நேரத்தில் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளக்கட்டும். பெரும்பாலான ஊர்களில் விடை பன்னிரண்டாக இருக்காது. நாட்டின் கடிகாரம் ஏதோ ஒரு தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது, நாம் அதற்குக் கிழக்கிலோ மேற்கிலோ இருப்போம், ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வித்தியாசம் வரும். சூரியன் உச்சிக்கு வரும் நேரமே ஆண்டு முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை, கடிகாரத்துக்குச் சில நிமிடங்கள் முன்னும் பின்னும் போகும். இதையெல்லாம் அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். "ஏன் பன்னிரண்டுக்கு இல்லை?" என்று அவன் ஒரு ராத்திரி யோசித்துவிட்டுத் தூங்கப்போகட்டும்.

செவ்வாயன்று அந்த எண்களை வரைபடத்தாளில் ஏற்றச் சொல்லுங்கள், கிடையில் நேரம், நெட்டில் நிழலின் நீளம். புள்ளிகளை இணைத்தால் பள்ளத்தாக்கு மாதிரி ஒரு வளைவு வரும். இனி அதை வைத்து மூன்றரை மணி நிழலை ஊகித்து எழுதிவிட்டு, மூன்றரைக்குப் போய் அளக்க வேண்டும். எனக்கு இந்த வாரத்திலேயே மிகவும் பிடித்த கட்டம் இதுதான். தான் வரைந்த கோடு, தான் அளக்காத ஒன்றைச் சரியாகச் சொல்கிறது என்று பார்க்கும்போது வரைபடம் எதற்கு என்ற கேள்வி அதோடு தீர்ந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினால் கூட இவ்வளவு பதியாது.

புதன் விகிதம். ஒரு மீட்டர் குச்சிக்கு நிழல் 80 செ.மீ., அதே நேரத்தில் ஒரு கட்டடத்தின் நிழல் 6 மீட்டர் 40 செ.மீ. என்றால் கட்டடத்தின் உயரம் 8 மீட்டர். ஏறாமலே அளந்தாயிற்று. இங்கே பிள்ளைகள் வழக்கமாகச் சறுக்குவது, குச்சியைக் காலையிலும் கட்டடத்தைச் சாயங்காலமும் அளப்பதில். விடை விபரீதமாக வரும். வரட்டும், எங்கே பிசகியது என்று அவனே கண்டுபிடிக்கட்டும்.

வியாழன் திசை. காலையில் நிழலின் நுனியைக் குறித்துவிட்டு, குச்சியின் அடியை மையமாக வைத்து நூலால் அந்த நுனி வழியே ஒரு வட்டம் போட வேண்டும். பிற்பகலில் நிழல் நீண்டுகொண்டே போய் மறுபடி அந்த வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டு புள்ளிகளையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு, அதற்குச் செங்குத்தாக வடக்கு தெற்கு. திசைகாட்டியோடு ஒப்பிட்டால் பல இடங்களில் சற்று விலகியிருக்கும், காந்த வடக்கும் பூமியின் வடக்கும் ஒன்றல்ல.

வெள்ளிக்கிழமைக்கு வரலாறு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனிஸ் என்ற அறிஞர், எகிப்தின் அலெக்சாந்திரியா நகர நூலகத்தின் தலைவர், இதே நிழலை வைத்துத்தான் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கோடையின் மிக நீண்ட பகல் நாளில், தெற்கே இருந்த சயீனில் (இன்றைய அஸ்வான்) உச்சி வெயில் கிணற்றின் அடிவரை நேராக இறங்கும், அதே நேரம் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும், அங்கே வெயில் செங்குத்திலிருந்து சாய்ந்திருந்த கோணம் சுமார் 7.2 பாகை, அதாவது முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. அவருடைய தூர அலகு வேறு, நம் கணக்கில் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு மகனையே பெருக்கச் சொல்லுங்கள். 40,000 வரும். துருவங்கள் வழியாக அளந்த சுற்றளவும் கிட்டத்தட்ட அதேதான். நாலு நாள் வெயிலில் நிழலை அளந்த பிள்ளைக்கு இந்தக் கதை கேட்கிற விதமே வேறு, முதல் நாளே சொல்லியிருந்தால் இதுவும் இன்னொரு பாடமாகப் போயிருக்கும்.

சனி, ஞாயிறு எழுதுவதற்கு. அது பற்றி இன்னொரு வாசகரும் கேட்டிருக்கிறார், கீழே சொல்கிறேன். ஒரு கண்டிப்பு மட்டும்: சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது, பார்வை எப்போதும் தரையில் விழும் நிழலில் இருக்கட்டும்.

கேள்வி: நாங்கள் இருப்பது அடுக்குமாடி. வெயில் உள்ளே வராது, வந்தாலும் பாதி நாள் மேகம். என்ன செய்வது?

ஊசல் செய்யுங்கள். நூல், கனமான ஒரு திருகாணி, நிமிடம் நொடி காட்டும் கடிகாரம், வேறெதுவும் வேண்டாம். நூலின் நீளத்தைத் தொங்கவிட்ட இடத்திலிருந்து கனத்தின் நடுவரை அளக்க வேண்டும். 25 செ.மீ. இருந்தால் போய்த் திரும்புகிற ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு நொடி. ஒரே ஆட்டத்தை அளந்தால் கை தடுமாறும், அதனால் பத்து ஆட்டத்தை அளந்து பத்தால் வகுக்கட்டும். முதலில் கனத்தை மாற்றிப் பார்க்கட்டும், நேரம் மாறாது, பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். அப்புறம், இரண்டு நொடி ஆக வேண்டுமானால் நூல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேளுங்கள். 50 என்பார்கள். உண்மையில் ஒரு மீட்டர், நாலு மடங்கு. அங்கே போய்ச் சேர இரண்டு நாள் ஆனாலும் சரி. ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும் என்ற பழக்கம் அதற்குள் வந்துவிடும். ஆட்டம் சிறியதாகவே இருக்கட்டும், வீசி ஆட்டினால் கணக்கு கொஞ்சம் பிசகும்.

கேள்வி: மகளுக்கு ஆர்வம் நிறைய. எல்லாம் செய்வாள், எழுது என்றால் மட்டும் அழுகை.

யாருக்கு எழுதுகிறாள்? பெரும்பாலும் திருத்தப்போகிறவருக்கு. அதை மாற்றிப் பாருங்கள். தான் செய்த சோதனையை, அதைப் பார்க்காத ஒருவர் செய்யும்படி எழுதச் சொல்லுங்கள், தாத்தாவோ சித்தப்பாவோ யாராவது. எழுதியதை அவர் ஒரு வரி விடாமல், எழுதியபடியே செய்ய வேண்டும், ஊகித்து உதவக்கூடாது. "குச்சியை வை" என்று எழுதியிருந்தால் அவர் படுக்க வைத்துவிடுவார். உடனே அவளே ஓடிவந்து "நேராக நிறுத்து" என்று திருத்துவாள். எழுத்துப்பிழையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். எழுத உட்காரும் முன் ஒருமுறை வாயால் முழுக்கச் சொல்லவிட்டால் பாதிக் கஷ்டம் குறையும், இந்த வயதில் பல பிள்ளைகளுக்கு நினைக்கிற வேகத்துக்குக் கை ஓடாது, அழுகைக்குக் காரணம் சோம்பல் என்று முடிவு கட்ட வேண்டாம்.

கேள்வி: நான் எட்டாவதோடு நின்றவள். ஐந்தாம் வகுப்புக் கணக்கே இப்போது புரிவதில்லை. நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அம்மா, நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேளுங்கள். "இதை எப்படிக் கண்டுபிடிச்சே?", "வேற வழி இருக்கா?", "நிச்சயமா? எப்படித் தெரியும்?" இந்த மூன்றும் போதும். உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது என்பதால் பிள்ளை முழுதாக விளக்கியே ஆக வேண்டும், அந்த விளக்கத்தில்தான் அவனுக்கே ஓட்டைகள் தெரியவரும். கேட்டுவிட்டு உடனே நீங்களே பேசாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். விடை வருவது பெரும்பாலும் அந்த அமைதிக்கு அப்புறம்தான்.

கேள்வி: வாய்ப்பாடு, படித்த பாடம் இதெல்லாம் மறந்துபோகாமல் இருக்க எத்தனை தடவை படிக்க வைக்க வேண்டும்?

படிக்க வைப்பதைக் குறைத்து, புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லச் சொல்லுங்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களில் ஒரு சாராரை ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார்கள், இன்னொரு சாராரைப் படித்துவிட்டு நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள், ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்திவிட்டார்கள். உடனே கேட்டுப் பார்த்து "நல்லா தெரியுது" என்று நாம் ஏமாறுவது இதனால்தான். ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே நாளில் அரை மணி நேரம் பிடித்து உட்கார வைப்பதைவிட, ஆறு நாள் ஐந்தைந்து நிமிடம், வரிசை மாற்றிக் கேளுங்கள்.

கேள்வி: வீட்டில் இரண்டு பேர், ஒருவன் ஆறாம் வகுப்பு, சின்னவள் நாலாம் வகுப்பு. தனித்தனியாக இரண்டு பாடத்திட்டம் போட என்னால் முடியவில்லை.

போடவே வேண்டாம். ஒரே குச்சி, ஒரே நிழல். சின்னவள் அளந்து எழுதட்டும், எது நீளம், எவ்வளவு நீளம், நேற்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் எத்தனை சென்டிமீட்டர் என்று. பெரியவன் அதே எண்களை வைத்து அளவுப்படி முக்கோணம் வரையட்டும், குச்சிக்கு 10 செ.மீ., 80 செ.மீ. நிழலுக்கு 8 செ.மீ., பாகைமானியை வைத்தால் அந்த நேரத்தில் சூரியன் எத்தனை பாகை உயரத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும், இந்தக் கணக்குக்கு 51க்குச் சற்று மேல். அவள் சரியாக அளந்தால்தான் அவன் கோணம் சரியாக வரும் என்பதால் சண்டை வரத்தான் செய்யும், அது மறுபடி அளந்து பார்க்க வேண்டிய சண்டை, குறுக்கே போகாதீர்கள். பெரியவனை எப்போதும் வாத்தியாராக்கிவிடாமல், ஒரு நாளாவது அவள் அளப்பதையும் அவன் எழுதிக்கொள்வதையும் மாற்றி வையுங்கள்.