டிக்டேஷனில் முழு மார்க், பேசும்போது வார்த்தை வரவில்லை

வணக்கம் டீச்சர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கில டிக்டேஷனில் பத்துக்குப் பத்து வாங்கியும், அதே சொல்லை வாக்கியத்தில் போடத் தெரியாமல் முழிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தனிச்சொல்லாகச் சொன்னால் ஸ்பெல்லிங்கை மனப்பாடம் செய்துவிட்டு அன்றைக்கே மறந்துவிடுவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை.

வாக்கியமாகச் சொல்லுங்கள். 'தி பஸ் வாஸ் க்ரௌடட், ஸோ ஐ ஸ்டுட் நியர் தி டோர்' என்று இயல்பான வேகத்தில் ஒருமுறை. பேனாவைத் தொடக்கூடாது, கேட்டால் போதும். அடுத்து 'க்ரௌடட்' வரை சொல்லி நிறுத்துங்கள், எழுதட்டும், பிறகு மீதி. கடைசியாக முழுதும் ஒருமுறை. தயவுசெய்து ஒவ்வொரு சொல்லாகப் பிய்த்துச் சொல்லாதீர்கள். 'க்ரௌடட்' புரியாதவன்கூட, ஏன் கதவருகே நின்றான் என்று யோசித்துப் பிடித்துவிடுவான். அந்த யோசனைதான் சொல்லை மனதில் நிறுத்துகிறது.

'மிஸ்ட் தி பஸ்' என்று சொல்லிப் பாருங்கள், பலர் 'மிஸ்' என்றுதான் எழுதுவார்கள். வேகத்தில் அந்த 'ட்' காதில் விழாது. மார்க் குறைக்காமல், பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம் அதே சொற்களை வேறு வாக்கியங்களில் கொடுங்கள். பிறகு ஆளுக்கொரு வாக்கியம் எழுதி, அவர்களே வகுப்புக்கு டிக்டேட் செய்யட்டும்.