டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் பக்கத்துக் காலிமனை குப்பைமேடானால் யாரிடம் சொல்வது?

புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டது, யாரோ வந்து இடிபாட்டையும் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்கிறீர்கள். முதல் பொறுப்பு மனைக்காரருக்குத்தான், அவர் ஜோஹன்னஸ்பர்க்கில் இருந்தாலும் சரி. தென்னாப்பிரிக்காவில் குப்பை அகற்றுவது அரசமைப்புச் சட்டப்படி உள்ளாட்சியின் வேலை. அதனால் டர்பனில் ஈதெக்வினி மாநகராட்சியிடம்தான் போக வேண்டும். படமும் முகவரியும் சேர்த்துப் புகார் கொடுங்கள். மறுநாளே ஆள் வந்துவிடும் என்று நம்ப வேண்டாம்; புகார் எண்ணை வைத்துக்கொண்டு விடாமல் கேட்டால்தான் நகரும்.

இடிபாட்டைக் கொட்டியவர் விஷயம் வேறு. 2008-ஆம் ஆண்டுத் தேசியக் கழிவுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு கண்ட இடத்தில் கழிவு கொட்டுவதைத் தடுக்கிறது. தண்டனை 1 கோடி ராண்ட் அபராதம், 10 ஆண்டுச் சிறை வரை போகலாம். நடைமுறையில் அவ்வளவு தூரம் போகாது என்றாலும், வண்டி எண் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நம் வீட்டுப் பக்கம். வெட்டிய முருங்கைக் கிளையை வீட்டுக் குப்பைக்கான கறுப்புப் பையில் திணிக்காதீர்கள். தோட்டக் கழிவுக்கு நீலப் பை, காகிதம், பிளாஸ்டிக்குக்கு ஆரஞ்சுப் பை. கறுப்புப் பையை வண்டி வரும் நேரத்தை ஒட்டி வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் குரங்குகள் கிழித்துத் தெருவெல்லாம் இறைத்துவிடும், அக்கம்பக்கத்தார் உங்கள் மேலேயே புகார் கொடுப்பார்கள்!